எமகண்டம் முடியும் வரை

அக்காவின் நிச்சயதார்த்தம் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில், மாப்பிள்ளை வீட்டார் வாடகைக்குப் பிடித்திருந்த சின்ன மண்டபத்தில், எங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, வேன் ஓட்டி வந்த மாமா, நான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கடலூர் முதுநகரில் எங்கள் தெருவிலிருந்து அதே வேனில் நெருக்கியடித்து வந்த பத்துப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். இல்லாதவர் பெரியப்பா ஒருவர்தான். ஆனால் அவர் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது. நிச்சயத்தட்டை அப்பாவோடு சேர்த்துப் பிடிக்க வேண்டியவர் அப்பாவுக்கு மூத்தவர். எங்கள் வீட்டில் யார் எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

பெரியப்பா பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். அது 2007, தை மாதம். ஆலையில் அரவை நடந்துகொண்டிருந்தது. ராத்திரி ஷிப்டு முடிந்து ஆறு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டியவர், மாற்று ஆள் வராததால் எட்டு மணி வரை மாட்டிக்கொண்டார். விருத்தாசலம் பேருந்து நிலையத்திலிருந்து மாமாவின் செல்போனுக்குப் பேசினார்: "பஸ் ஏறிட்டன். பதினோரு மணிக்கெல்லாம் நிப்பன்னு சொல்லு."

நாள் குறித்தவர்கள் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் என்றுதான் குறித்திருந்தார்கள். அதனால் யாரும் பதற்றப்படவில்லை.

அக்காவுக்கு அப்போது இருபத்தாறு வயது. அதற்கு முந்தின வருடம் ஒரு இடம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. அவர்கள் வீட்டுக்கு வந்த அன்று, காலையிலிருந்து சாப்பிடாமல் வேலை செய்த அம்மா தலைசுற்றி அடுப்பங்கரையில் விழுந்துவிட்டாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு நல்லபடியாகத்தான் பேசிப் போனார்கள். மறுநாள் தரகரிடம், "மொத நாளே பொண்ணு வூட்ல ஒருத்தர் படுத்துட்டாங்க, எங்களுக்கு மனசு ஒப்பல" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அதன்பின் பத்து மாதம் யாரும் வரவில்லை. அம்மா அந்தப் பத்து மாதமும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுக்காததால்தான் வீட்டில் எல்லோருக்கும் அது எப்போதும் ஞாபகம் இருந்தது.

அப்பா துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் சுமை தூக்குகிறவர். ஆள் உயரத்துக்கு முக்கால்வாசி நீளமுள்ள ஐஸ் பாரைக் கொக்கியால் இழுத்து, சறுக்குப் பலகையில் விட்டு, வண்டியில் ஏற்ற வேண்டும். முப்பது வருடமாக அந்த வேலை. அவருக்குத் தோளும் கையும் வலிக்காத நாள் கிடையாது. அதனால் வலி என்று அவர் சொன்னால் நாங்கள் காதில் வாங்குவதும் கிடையாது.

பத்து மணி இருக்கும். நான் பூ, பழம், புடவை வைத்த தட்டுகளை ஒற்றைப்படையாக வருகிறதா என்று பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். சம்பந்தியாகப் போகிறவருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டார். துண்டைச் சரிசெய்வதுபோல ஒரு கையை மார்பில் வைத்திருந்தார். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குழாயடிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். துடைத்த பிறகும் நெற்றியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. அது குழாய்த் தண்ணீர் இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நெஞ்சுல ஐஸ் பாரத் தூக்கி வச்சாப்ல இருக்குடா. இந்தக் கை இழுக்குது. தாட வரைக்கும் இழுக்குது."

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்பா. மாமாகிட்ட வண்டிய எடுக்கச் சொல்றன்."

"அட போடா. நேத்து லோடு ஜாஸ்தி. சதப் புடிச்சிருக்கும். இல்லாங்காட்டி வாயு."

எதிர்க்கடையில் சோடா வாங்கி வந்து கொடுத்தேன். குடித்து ஒரு ஏப்பம் விட்டார். "பாத்தியா, வாயுதான்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்தார். ஐஸ் தூக்கித் தூக்கி அவர் கை எப்போதுமே கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அன்றைக்கு இருந்தது வேறு குளிர்ச்சி.

"தட்டு மாறட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காத. ஒங்கம்மாகிட்டகூட. அந்த மனுசன் காதுல வுழுந்துச்சுன்னா இந்த எடமும் போச்சு. ஒங்க அக்காவுக்கு நீதான் பதில் சொல்லணும்."

நான் அப்போது கடலூரில் பி.எஸ்சி. இரண்டாம் வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பத்தாம் வகுப்பில் இதயத்தின் படத்தை நான்கு அறையோடும் வரைந்து, இதயத் தசைக்கு ரத்தம் கொடுப்பது கரோனரி தமனி என்று பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தத் தமனி அடைத்துக்கொண்டால் ஒரு மனிதன் குழாயடியில் நின்று என்ன சொல்வான் என்று அந்தப் பாடத்தில் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்ததால்தான் அவ்வளவு பயம். தலையை ஆட்டினேன். அப்பா போய்ப் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

சம்பந்தி நன்றாகப் பேசுகிறவர். மாமாவை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். "கடலூர்லேருந்து வர்றாங்களே, ஒரு கூட வஞ்சிரம் வரும்னு பாத்தா தேங்கா பழத்தோட எறங்குறீங்க?"

"நிச்சயத்துக்கு மீனக் கொண்டாந்தா ஒங்க ஐயரு எகிறிக் குதிச்சு ஓடிடுவாருங்க. கல்யாணம் முடியட்டும், வாரம் ஒரு கூட அனுப்புறோம். காசு மட்டும் கரெக்டா குடுத்துடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரிக்கும்போது அவர் வேட்டியை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

பதினொன்று ஆனது. பெரியப்பா வரவில்லை. பதினொன்றே முக்காலுக்கு மறுபடி போன். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் கரும்பு டிராக்டர் ஒன்று கவிழ்ந்து ரோட்டை அடைத்துக்கொண்டதாம்; பஸ் இப்போதுதான் புவனகிரியைத் தாண்டுகிறதாம். மாமா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். நான் மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். பெரியப்பா வந்துவிட்டால் பத்து நிமிஷம். தட்டு மாறிவிடும். அப்பாவை வண்டியில் ஏற்றிவிடலாம். பஸ்ஸின் சக்கரத்தை மனதுக்குள் நானே உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவிலிருந்து பெரியப்பா இறங்கியபோது மணி பன்னிரண்டு பத்து. ஆலைக் காக்கிச் சட்டையோடு, துணி மாற்றக்கூட இல்லாமல் ஓடி வந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வாங்க பெரியப்பா, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கைக்கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "பன்னண்டு தாண்டிடுச்சே. ஞாயித்துக்கெழம எமகண்டம் பன்னண்டுலேருந்து ஒன்றர. அதுக்கு மேலதான் தட்ட எடுக்கணும்."

"ஆமாமா, அவசரம் இன்னா. ஒக்காருங்க" என்றார் பெரியப்பாவும். லேட்டாக வந்த குற்ற உணர்ச்சியில் இருந்தவர், வேறு என்ன சொல்வார்?

இன்னும் ஒரு மணி இருபது நிமிஷம்.

அந்த ஒரு மணி இருபது நிமிஷத்தைப் பற்றி நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அப்பாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். புதுச் சட்டையின் முதுகு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் மூச்சு விடுவதை எண்ணினேன். ஒரு மூச்சு தாமதித்தால் என் மூச்சு நின்றுவிடும். உள்ளறை வாசலிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். மெரூன் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. என்னைப் பார்த்து என்ன என்று புருவத்தை உயர்த்தினாள். ஒன்றுமில்லை என்று சிரித்தேன். அவள் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு மணிக்கு மேல் தாங்க முடியவில்லை. வெளியே வேனில் சாய்ந்து நின்றிருந்த மாமாவிடம் போனேன்.

"இன்னாடா, மூஞ்சி பேயடிச்சாப்ல இருக்கு?"

சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். வாயில் வந்த முதல் வார்த்தை, "ஒண்ணுமில்ல மாமா."

"பசியா? ஒன்றர வரைக்கும் வயித்தக் கட்டு. பாயசம் ரெண்டு டம்ளர் ஊத்தச் சொல்றன்."

திரும்பி உள்ளே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்பாவைக் கண்டு நான் பயப்படவில்லை. அக்கா வாழ்க்கை கெட்டதற்கு நான் காரணம் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும் என்று பயந்தேன். அப்பா செத்துப்போவதற்கும் நானே காரணமாகிவிடக்கூடும் என்று தோன்றியபோதும், அந்தப் பயம் இந்தப் பயத்தைத் தள்ளவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

ஒன்றரைக்கு மேல் ஐந்து நிமிஷம் விட்டு எல்லோரும் எழுந்தார்கள். நிச்சயப் பத்திரிகை வாசித்தார்கள். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து தட்டைப் பிடித்தார்கள். தட்டு நடுங்கியது. மேலிருந்த தேங்காய் ஆடியது. "இன்னாடா, பொண்ணு போவுதுன்னு இப்பவே அழுவுறியா?" என்று கிண்டல் செய்தபடி பெரியப்பா பாரத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டார். தட்டு கை மாறியது. குலவை, குங்குமம், கும்பிடு. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்போது நீ பேசலாம் என்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. உட்கார்ந்தார். அப்படியே பெரியப்பாவின் காக்கித் தோளில் சாய்ந்து, புதுச் சட்டையெல்லாம் வாந்தி எடுத்தார்.

வேனில் தூக்கிப் போட்டோம். சம்பந்தியும் செருப்புக்கூடப் போடாமல் ஏறிக்கொண்டார். ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டேகால். அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். மாத்திரைகளை மென்று விழுங்கச் சொன்னார், ஆக்சிஜன் வைத்தார், மார்பில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார். பேப்பர் வெளியே வர வர அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹார்ட் அட்டாக். ரத்தக் குழாயில ரத்தம் உறைஞ்சு கட்டியா அடைச்சிருக்கு. வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"இப்பத்தாம்மா, தட்டு மாத்துன கையோட" என்றாள் அம்மா. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டாக்டர் பேப்பரை மறுபடி பார்த்தார். "அப்படித் தெரியலயே. கரெக்டா சொல்லுங்க. கட்டியக் கரைக்கிற ஊசி போடணும். எத்தன மணி நேரம் ஆச்சுன்னு தெரிஞ்சாதான் முடிவு பண்ண முடியும்."

சம்பந்தி எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தார். மாஸ்க்குக்கு உள்ளிருந்து அப்பா என்னைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்திருந்த விரல்களில் ஒன்றை மட்டும் தூக்கி, வேண்டாம் என்று அசைத்தார்.

"பத்து மணிக்கு ஆரம்பிச்சுது டாக்டர்" என்றேன். "நெஞ்சு, எடது கை, தாட. வேர்வ. அப்பலேருந்து நிக்கவே இல்ல."

அம்மா திரும்பினாள். "பத்து மணியிலேருந்தா? நீ பாத்துக்கிட்டா இருந்த?"

அவள் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சம்பந்தி டாக்டரைப் பார்த்தபடி சொன்னார்: "எங்கூடத்தாங்க ஒக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா எமகண்டமாவது ஒண்ணாவது, தட்டத் தூக்கிப் போட்டுட்டு வந்திருப்பனே."

உண்மையாகவே அப்படிச் செய்திருப்பாரா, அந்த இடத்தில் நின்றதால் வந்த வார்த்தையா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஊசிக்குச் சம்மதக் கையெழுத்து கேட்டார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. பெரியப்பா அதை வாங்கி, ஒரு நொடி பார்த்து, என்னிடம் நீட்டினார். "நீதான் படிச்சவன். இன்னா போட்டிருக்குன்னு சொல்லு." படித்தேன். இந்த மருந்தால் மூளையில் ரத்தக் கசிவு ஏற்படலாம், உயிரிழப்பும் நேரலாம் என்று இருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்தது. அதற்காகவே படித்திருக்க வேண்டாம் என்று இருந்தது.

"ஆபத்து இருக்கு, ஆனா போட்டுத்தான் ஆவணும்னு போட்டிருக்கு" என்றேன்.

"அப்ப நீயே கையெழுத்தப் போடு" என்றார் பெரியப்பா. எங்கள் வீட்டில் மூத்தவர் இருக்கும்போது நான் முன்னால் நின்று செய்த முதல் காரியம் அந்தக் கையெழுத்து. எழுதி முடித்துப் பார்த்தால் என் பெயரே என் பெயர் மாதிரி இல்லை.

ஊசி என்றால் ஒரு குத்தில் முடிவதில்லை. மருந்தை பாட்டிலில் கலந்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஐ.சி.யு. கதவின் வட்டக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். மானிட்டரில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு திடீரென்று கிறுக்கல் கிறுக்கலாகத் துள்ளியது. மணி அடித்தது. இரண்டு நர்ஸுகள் ஓடினார்கள். போயிடுச்சு, நான் போட்ட கையெழுத்துதான், என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியில் மறுபடி பார்க்கத் தைரியமில்லை. மாமா என் தலையைத் தன் முழங்காலோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவாதுடா, ஒண்ணும் ஆவாதுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் வெளியே வந்தார். "பயப்படாதீங்க. அடைப்பு கொஞ்சம் தொறந்திருக்கு. ரத்தம் திரும்ப ஓட ஆரம்பிக்கிறப்ப சில சமயம் இப்படித் துள்ளும். இப்ப சரியாயிடுச்சு. வலியும் கொறஞ்சிருக்கு."

மூன்றாம் நாள் எக்கோ எடுத்தார்கள். நான்காம் நாள் ஆஞ்சியோ. தொடை வழியாகக் குழாய் விட்டு எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார்கள். நான் பென்சிலால் வரைந்த கிளையேதான். ஒரு இடத்தில் நூலாக மெலிந்திருந்தது. கட்டி கரைந்தாலும் அடியில் கொழுப்படைப்பு அப்படியே இருக்கிறது, பலூன் விட்டு விரித்து ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். பேனா ஸ்பிரிங்கைவிடச் சின்னது என்றார் டாக்டர். விலையைக் கேட்ட அப்பா, "கம்பியும் வேணாம், ஒண்ணும் வேணாம், வூட்டுக்குப் போவலாம்" என்று கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டுவிட்டார்.

அக்காதான் அவர் காலைத் தூக்கி மறுபடி மேலே வைத்தாள். அதுவரை அவள் அப்பாவோடு பேசவே இல்லை. "எனக்காக வலிய மறைக்கச் சொல்லி யாரு ஒன்னக் கேட்டா? நான் கேட்டனா?" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். "நீ செத்துப்போயிருந்தா அந்தத் தட்டு எனக்கு எதுக்கு?" அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாயங்காலமே அம்மா, அக்கா கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை எடுத்துவர மாமாவோடு கடலூருக்குப் போனாள்.

சம்பந்தி இடத்தை விட்டுவிடவில்லை. கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைத்தார்கள். நகை குறைந்ததை மாப்பிள்ளையின் அம்மா இன்றுவரை அக்காவுக்கு மறக்கவிடவில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்தப் பெண் டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். பத்து மணிக்கே கொண்டுவந்திருந்தால் இதெல்லாம் ஆகியிருக்காதா என்று கேட்டேன்.

"ஊசி எப்படியும் போட்டிருப்போம். ஸ்டென்ட்டும் எப்படியும் தேவப்பட்டிருக்கும். செலவு இதேதான்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா இதயத் தச இவ்வளவு செத்திருக்காது. செத்தது திரும்ப வராது" என்றார்.

அப்பா ஐஸ் பாரை அதன்பின் தொடவில்லை. மாடி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். கம்பெனி முதலாளி இரக்கப்பட்டு வாசலில் டோக்கன் கொடுக்கிற வேலையில் உட்கார வைத்தார். கூலி பாதிக்கும் கீழே. இப்போது ஐந்து வருடம் ஆகிவிட்டது. ராத்திரி அவர் இருமினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நெஞ்சைத் தேய்த்தால், "வலிக்குதாப்பா? உண்மையச் சொல்லு" என்று கேட்கிறேன். "இல்லடா" என்கிறார். அவர் சொல்வதை நான் நம்புவதில்லை. சட்டையைத் தொட்டு, முதுகு நனைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.

ஊசி, ஆஞ்சியோ, ஸ்டென்ட், ஐ.சி.யு. வாடகை, மாத்திரை எல்லாம் சேர்த்து ஆஸ்பத்திரியில் கட்டியது ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். டாக்டர் சொன்னபடி, பத்து மணிக்கே போயிருந்தாலும் இதேதான்.